கிணற்றுக்கும் குழிக்கும் எத்தனை தூரம்?

"தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதைக் குடித்தால் என்ன வந்துவிடும்?"

திருவனந்தபுரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இங்கே கிணறு உள்ள வீடுகள் ஏராளம். சொந்தக் கிணறு என்றால் நம்பிக்கையும் அதிகம். ஆனால் தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அல்ல.

இந்தப் பகுதியில் வெட்டுக்கல் நிலம் அதிகம். அதனால் சில கிணறுகளில் தண்ணீர் சிவந்திருக்கும். குடத்தில் கறை படியும். அது இரும்பு. பார்க்க நன்றாக இராது. ஆனால் அதனால் காலரா வராது. காலராவைக் கொண்டுவருவது கிருமி. கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கிருமி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்து வருகிறது. நான்கைந்து சென்ட் நிலம். அதில் ஒரு வீடு. முன்னால் கிணறு. பின்னால் கழிப்பறைக் குழி. பல குழிகளுக்கு அடியில் தளம் இல்லை. கழிவுநீர் மண்ணில் ஊறுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். அப்போது குழியின் நீர் எளிதில் கிணற்றை எட்டிவிடும். நம் குழி தள்ளி இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றை ஒட்டி இருந்தால்?

கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும். இது கேரளக் கட்டிட விதி. ஏறக்குறைய 25 அடி.

காலரா, டைபாய்டு, ஒருவகை மஞ்சள் காமாலை எல்லாம் இப்படிக் கெட்ட நீரால் பரவும். இவை பழங்காலத்து நோய்கள் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் ஒரு காப்பகத்தில் இருந்தவர்களுக்குக் காலரா வந்தது.

குழாய்த் தண்ணீர்?

நகரத்துக்குக் கரமனை ஆற்றுநீர் அருவிக்கரையிலிருந்து வருகிறது. அதைச் சுத்தம் செய்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் வழியில் குழாய் உடைந்திருக்கலாம். உடைந்த குழாய் சாக்கடை ஓரம் கிடக்கலாம். தண்ணீர் நிற்கும் நேரத்தில் அழுக்கு உள்ளே புகுந்துவிடும்.

என்ன செய்யலாம்?

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சிலர் சூடு ஆற்றுவதற்காக அதில் பச்சைத் தண்ணீர் கலப்பார்கள். கலந்தால், கொதிக்க வைத்த பலன் போய்விடும். தானாக ஆற விடுங்கள்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடலாம். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். நோய் பரவும் காலத்தில் 5 கிராம். பவுடரை வாளி நீரில் கரையுங்கள். 10 நிமிடம் தெளிய விடுங்கள். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். 1 மணி நேரம் கழித்துத் தண்ணீர் இறைக்கலாம். அளவு தெரியாவிட்டால் சுகாதார ஊழியரைக் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கடலோரக் கிணற்றின் உப்பு போகாது. வயல் உரத்திலிருந்து ஊறும் நைட்ரேட்டும் போகாது. நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதனால் கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் கிணற்றிலிருந்து உங்கள் குழி எத்தனை அடி? கயிறு பிடித்து அளந்து எழுதுங்கள்.
2. பக்கத்து வீட்டுக் குழி எத்தனை அடி? அவர்களையும் கூப்பிட்டுச் சேர்ந்து அளங்கள்.
3. 25 அடிக்குக் குறைவா? இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுங்கள்.