விலாங்கு நீந்தும் கரையில் ஒரு சிற்பப் பூங்கா

சிட்னியில் தமிழர் செறிந்து வாழும் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள நார்த்மீட்டை ஒட்டி, டூங்காபி, டார்லிங் மில்ஸ் என்னும் இரண்டு ஓடைகள் கூடிப் பரமாட்டா ஆறாகின்றன. அவ்வாற்றின் கரையில், பரமாட்டா நகருக்குள், பழங்குடி ஓவியர் ஜேமி ஈஸ்ட்வுட் உருவாக்கிய நடைபாதை, அந்நிலத்தின் ஆதிகுடிகளான பரமட்டகல் மக்களின் வரலாற்றை நடப்பவரின் காலடியிலேயே விரித்துச் சொல்கிறது. ஆற்றங்கரையைக் கட்டணமில்லாத கலைக்கூடமாக்கும் இந்த எண்ணத்தை இன்னும் விரிவாகக் காண விரும்புவோர் செல்ல வேண்டிய இடம், மெல்பேர்னில் யாரா ஆற்றின் வடகரையில் 2002-இல் திறக்கப்பட்ட பிரரங் மார் பூங்கா.

ரயில் பாதைகளும் சாலையும் நகரத்தை ஆற்றிலிருந்து பிரித்து வைத்திருந்த நிலத்தை மீட்டு அமைத்த இப்பூங்காவில், மிகுந்த கவனத்துக்குரியது ‘பிரரங் விலாம்’ என்னும் சிற்பத் தொகுதி. விக்கி கசன்ஸ், லீ டாரோக், ட்ரியானா ஹாம் என்னும் மூன்று பழங்குடிப் பெண் கலைஞர்கள் 2006-இல் படைத்த இத்தொகுதியில், குலின் எனப்படும் கூட்டமைப்பின் ஐந்து மக்கட் குழுக்களையும் குறிக்கும் உலோகக் கேடயங்கள் அரைவட்டமாக நிற்க, தரையில் பதித்த பாதை ஒன்று விலாங்கு மீனின் உடலைப் போல நெளிந்து செல்கிறது. விலாங்கு இங்கே வெறும் அலங்காரமன்று. அம்மக்களின் முதன்மையான உணவுகளுள் ஒன்றாக இருந்த அது, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக வெப்பமண்டலக் கடல்வரை நெடும்பயணம் செல்லும் உயிரினம். அதன் குஞ்சுகளே மீண்டும் ஆறுகளைத் தேடி வருகின்றன.

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத் தொகுதியில், பல்லவச் சிற்பி பாறைப் பிளவை ஆறாகக் கண்டு அதில் நாகர்களை மேலேறி வரச் செய்ததைப் பார்த்துப் பழகிய தமிழருக்கு விலாங்குப் பாதையின் இந்த நெளிவு எளிதில் விளங்கும். இரண்டிடத்திலும் நீர் சிற்பத்தின் பின்னணியாக இல்லாமல் அதன் உடலாகவே இருக்கிறது.

டெபோரா ஹால்பெர்னின் ‘ஏஞ்சல்’ வேறு வகை. ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய 200-ஆம் ஆண்டை முன்னிட்டு விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்காக உருவாக்கப்பட்டு, வண்ண ஓட்டுச் சில்லுகள் போர்த்திய அந்தப் பேருருவம், 2006-இல்தான் இங்கு இடம்பெயர்ந்தது. குடியேற்றத்தைக் கொண்டாட எழுந்த சிற்பமும், அக்குடியேற்றத்தால் நிலமிழந்தவர்களின் சிற்பமும் ஒரே பூங்காவில் நிற்பதைக் கவனியாமல் கடந்துபோவது பெரிய இழப்பு.

ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் நூற்றாண்டு நினைவாக, ஆன்டன் ஹேசலும் நீல் மெக்லாக்லனும் வடிவமைத்த 39 மணிகள், இதே பூங்காவில் தண்டுகளின்மீது வாய் மேல்நோக்கி நிற்கின்றன. ஒரு மணியைத் தட்டும்போது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் மேற்சுரங்கள் வழக்கமான மணிகளில் ஒன்றோடொன்று முழுமையாக இசைவதில்லை. தம்புராவின் தந்தியில் போல அவை ஒழுங்காக இசையும்படி இம்மணிகளின் வடிவம் கணக்கிடப்பட்டது. கணினி இயக்கும் இவற்றுக்குப் பொதுமக்களும் இசையமைத்து அனுப்பலாம் என்பதால், பூங்காவைப் பார்க்க வருபவர் அதன் கலைஞருள் ஒருவராகவும் ஆகலாம்.