சர்க்யூட் போர்டு வரைய எந்த மென்பொருள்?

பிரெட்போர்டில் ஒயர் குத்திச் செய்த சர்க்யூட் நன்றாக ஓடுகிறது. இனி அதை முறையான போர்டாக அடிக்க வேண்டும். அதற்கான மென்பொருளைத் தேடினால் பத்துப் பெயர்கள் வந்து நிற்கும். எதை எடுப்பது?

முதலில், இந்த மென்பொருள் என்ன செய்கிறது? எந்தப் பாகத்தின் எந்தக் கால் எதோடு சேர வேண்டும் என்று ஸ்கீமேட்டிக் (இணைப்பு வரைபடம்) வரைகிறீர்கள். பிறகு பாகங்களைப் பலகையில் அடுக்கிச் செம்புத் தடங்களை இழுக்கிறீர்கள். முடிவில் கெர்பர் கோப்புகள் (எந்த அடுக்கில் எங்கே செம்பு இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைக்குச் சொல்பவை) கிடைக்கும். போர்டு அடித்துத் தருபவருக்கு, கூடவே துளைகளுக்கான கோப்பும் இருந்தால் போதும்.

அப்படியானால் எதில் வரைந்தாலும் ஒன்றுதானே? அடிக்கும்வரை ஒன்றுதான், திருத்தும்போது அப்படி இல்லை. கெர்பர் ஒரு படம் போன்றது. இரண்டு வருடம் கழித்து ஒரு ஐசி கடையில் கிடைக்காமல் போனால், மூலக் கோப்பையே திறந்து மாற்ற வேண்டும். அதைத் திறக்கும் மென்பொருள் அன்றைக்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இது வீண் பயமா? ஈகிளைப் பாருங்கள். 1988-இல் ஜெர்மனியில் பிறந்து, சொந்தமாகப் போர்டு செய்பவர்கள் பலரும் பழகிய மென்பொருள் அது. 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே சந்தா முறை வந்தது. 2023-இலோ, 2026 ஜூனோடு ஈகிளை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

அதனால்தான் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கிகேட் என்ற இலவச மென்பொருளைச் சொல்கிறேன். 1992-இல் பிரான்ஸில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கியது. பிறகு செர்ன் ஆய்வு மையமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம். பழைய ஈகிள் கோப்புகளையும் உள்ளே எடுத்துக்கொள்ளும்.

இலவசம் என்றால் ஏதாவது குறை வைத்திருப்பார்களோ? ஈகிளின் இலவசப் பதிப்பில் 2 செம்பு அடுக்கு, 80 சதுர சென்டிமீட்டர் என்று வரம்பு இருந்தது. கிகேட்டில் அப்படிப் பூட்டி வைத்தது எதுவும் இல்லை. செய்த போர்டை நீங்கள் விற்கவும் செய்யலாம்.

ஒரே ஒரு போர்டு, அதுவும் சீக்கிரம் வேண்டுமென்றால்? பிரவுசரிலேயே வரையும் ஈஸிஇடிஏ சுலபம். பாகங்களின் நூலகமும் பெரியது. ஆனால் கோப்பின் ஒரு பிரதியைத் தவறாமல் உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள்.

வேலைக்குப் போனால் ஆல்டியம் என்ற மென்பொருள் தெரியுமா என்று கேட்பார்களே? சில நிறுவனங்கள் கேட்கும். அதற்காக இன்றே காசு கொட்ட வேண்டாம். தடத்தின் அகலம், கிரவுண்டு இழுக்கும் விதம் போன்றவற்றை ஒரு மென்பொருளில் கற்றால் மற்றதிலும் உதவும். மாறுவது பெரும்பாலும் மெனுதான்.

எதை எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ஃபுட்பிரின்டில் (பாகம் உட்காரும் செம்புத் திட்டுகளின் அமைப்பு). ஆர்டர் கொடுக்கும் முன், போர்டை அதே அளவில் காகிதத்தில் அச்சடித்து, வாங்கிய பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால்கள் பொருந்தாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.