பூட்டுக் கோரிக்கையைப் படிப்பது யார்?

கணக்குக் கோப்பு ஒரு சர்வரில் இருக்கிறது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அதில் எழுதினால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும். அதனால் எழுதுவதற்கு முன் பூட்டுப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்: இந்தக் கோப்பில், இத்தனையாவது பைட்டிலிருந்து, இவ்வளவு நீளம் எனக்கு.

கோப்புகளை நெட்வொர்க் வழியே பகிர, 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ்-ஐக் கொண்டுவந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில், யார் என்ன கேட்டார் என்பதை சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளாது. பூட்டுக்கோ நினைவு வேண்டும். எனவே என்எல்எம் என்ற தனி நெறிமுறை பிறந்தது. லினக்ஸ் கெர்னலில் அந்த வேலையைப் பார்ப்பது லாக்டி என்ற பகுதி.

கோரிக்கை வந்து சேர்வது வெறும் பைட் வரிசையாக. அதை அடுக்கும் முறைக்கு எக்ஸ்டிஆர் என்று பெயர். எல்லாம் நான்கு நான்கு பைட்டாகத்தான் போகும். ஐந்து ஆங்கில எழுத்துள்ள கணினிப் பெயரை எடுத்துக்கொள்வோம். 5 என்ற நீளத்துக்கு நான்கு பைட், எழுத்துகளுக்கு ஐந்து, இடம் நிரப்ப மூன்று சுழியம்: மொத்தம் 12. அந்த மூன்றைத் தாண்ட மறந்தால், அடுத்து வரும் கோப்பு அடையாளம் தவறான இடத்திலிருந்து படிக்கப்படும். பெயர் 1024 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதும் விதி. அதைச் சோதிக்காமல் விட்டால், வெளியாள் அனுப்பும் ஒரு பொய் நீளம் கெர்னலின் நினைவகத்தையே கெடுத்துவிடலாம்.

லாக்டியில் இந்தச் சோதனைகளையெல்லாம் ஆட்கள்தான் கையால் எழுதிவந்தார்கள். கெர்னலோடு வரும் எக்ஸ்டிஆர்ஜென் என்ற பைத்தான் கருவி, நெறிமுறையின் விவரக்குறிப்பைப் படித்து அதிலிருந்தே சி நிரலை எழுதித் தருகிறது. வரம்பை விவரக்குறிப்பில் ஒருமுறை சொன்னால் போதும், சோதனை தானாக வந்துவிடும். இந்த யோசனை புதிதல்ல; சன் நிறுவனத்தின் ஆர்பிசிஜென் முன்பே இதைச் செய்தது.

லாக்டியில் கையால் எழுதிய நிரலை எடுத்துவிட்டு, கருவி எழுதும் நிரலுக்கு மாற்றுவதில் உண்மையான சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய நிரல் பைட்டைப் பிரிக்கும்போதே அதன் பொருளையும் முடிவுசெய்துவிடும். பூட்டின் நீளம் சுழியம் என்று வந்தால், கோப்பின் கடைசிவரை என்று பொருள்; பிரிக்கும் இடத்திலேயே பூட்டின் முடிவையும் அது கணக்கிட்டுவிடும். கருவி எழுதிய நிரலுக்கு இந்த வழக்கம் தெரியாது. அதற்குச் சுழியம் வெறும் சுழியம். ஆகவே அந்தக் கணக்கைப் பெயர்த்தெடுத்து, கோரிக்கையை நிறைவேற்றும் இடத்தில் வைக்க வேண்டும். மிகப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அதுதான். அங்கே ஓர் எண் பிசகினால் ஒரே பகுதிக்கு இரண்டு பேர் பூட்டு வாங்கிவிடுவார்கள்.

நல்லவேளையாக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. சோதி, பூட்டு, கைவிடு, திற என்று ஒவ்வொரு செயலுக்கும் லாக்டியின் அட்டவணையில் தனி வரிசை உண்டு. 'சோதி' புதிய நிரலில் ஓடும்போது, 'பூட்டு' பழையதிலேயே ஓடலாம்.