வளைந்த குழாய்க்கு என்ன விலை?

விலையுயர்ந்த சைக்கிள்களின் விநோத வடிவங்கள் வேகத்துக்கா, சொகுசுக்கா, அல்லது வெறும் பார்வைக்கா?

1996 செப்டம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் உள்ளரங்கத் தடத்தில் கிறிஸ் போர்டுமன் ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. தூரம் சைக்கிள் ஓட்டினார். உலக சாதனை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2000 அக்டோபரில், அதே தடத்தில் அதே மனிதர் மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டினார். இந்த முறை 49.441 கி.மீ.தான். அதுவும் உலக சாதனை என்றே அறிவிக்கப்பட்டது!

குழப்பத்துக்குக் காரணம், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இடையில் எடுத்த ஒரு முடிவு. விசித்திரமான சைக்கிள்களும் விசித்திரமான உட்காரும் முறைகளும் சாதனைகளைத் தாறுமாறாக ஏற்றிவிட்டன என்று கருதிய சம்மேளனம், 1972ல் மெக்சிகோ நகரில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டிய 49.431 கி.மீ.யையே அளவுகோலாக்கியது. அதை முறியடிக்க நினைப்பவர் மெர்க்ஸ் ஓட்டியது போன்ற சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். அதாவது உருண்டைக் குழாய்கள், கம்பிகள் வைத்த சக்கரம், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். போர்டுமன் மெர்க்ஸை வென்றது வெறும் 10 மீட்டரில். ஓய்வு பெறும் தருவாயில், எலும்பு பலவீனத்தோடு ஓட்டினார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படியே சேர்த்தாலும், காணாமல் போன ஏறத்தாழ 7 கி.மீ. சாதாரண விஷயமல்ல.

லட்சக்கணக்கில் விலை சொல்லும் சைக்கிள் விற்பனையாளர் எவரும் இந்தக் கதையைக் கேட்டால் மகிழ்ந்துபோவார். பாருங்கள், வடிவம்தான் எல்லாம்! ஆனால் அந்த 7 கி.மீ. எங்கே போயிற்று என்று விசாரித்தால் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி இருக்காது. 1996ல் போர்டுமன் இரண்டு கைகளையும் முன்னால் முழுக்க நீட்டி, பறக்கும் சூப்பர்மேனைப் போலக் கவிழ்ந்து கிடந்தபடி ஓட்டினார். வேகத்தின் பெரும்பங்கைத் தந்தது அந்தக் கிடைதான். சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவரின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றை மறிப்பதில் பெரும்பகுதி ஓட்டுபவரின் உடம்பு. சைக்கிளின் பங்கு சிறிது. அந்தச் சிறிதில் ஃப்ரேமின் பங்கு இன்னும் சிறிது.

அந்தக் கிடையைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான கிரேம் ஓப்ரி. அவர் தானே செய்த சைக்கிளில் சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங்குகளைப் பொருத்தியிருந்தார். 1993 ஜூலையில் அந்த சைக்கிளில், கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு, 51.596 கி.மீ. ஓட்டி இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசரின் ஒன்பதாண்டு சாதனையை உடைத்தார். அந்த முறையை 1994ல் சம்மேளனம் தடை செய்ய, கைகளை முன்னால் நீட்டும் முறையை உருவாக்கினார். 1996ல் அதற்கும் தடை வந்தது. நிபுணர்கள் மெச்சும் ஃப்ரேம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. எப்படி உட்கார்ந்தால் காற்று விலகும் என்ற யோசனை இருந்தது.

ஃப்ரேமை வளைத்து, நெளித்து விற்பது கார்பன் ஃபைபர் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால் தவறு. லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஹைமன் ஹெட்சின் 1930களிலேயே இதைச் செய்தார். அவரது கடையின் கைதேர்ந்த தொழிலாளி ஜாக் டென்னி உருவாக்கிய ஃப்ரேமில், பின்சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய குழாய்கள் நேராக இல்லாமல் பாம்பு போல நெளிந்திருந்தன. சாலையின் அதிர்வை அவை விழுங்கிவிடும் என்று விளம்பரம். அதே காலத்தில் பேட்ஸ் சகோதரர்களின் சைக்கிளில் முன் ஃபோர்க் இரண்டு இடங்களில் வளைந்தது. குழாய்கள் நடுவில் பருத்து முனைகளில் மெலிந்தன. பிராட்ஃபோர்டில் பெயின்ஸ் கம்பெனி சீட் குழாயைச் செங்குத்தாக நிறுத்திப் பின்சக்கரத்தை முன்னுக்கு இழுத்தது. பார்த்தவர்கள் அதற்கு 'பறக்கும் கதவு' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில், இத்தனை பேருக்கு ஏன் இந்த ஞானோதயம்? சைக்கிள் வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் அடிக்கடி சுட்டும் காரணம் சுவையானது. அன்றைய பிரிட்டனில் அமெச்சூர் விதிகள் கடுமையானவை. பந்தயக்காரர் ஒரு கம்பெனிக்கு விளம்பரம் செய்வதாகத் தோன்றவே கூடாது. பத்திரிகையில் வரும் படங்களில் ஃப்ரேமில் எழுதிய பெயர் மறைக்கப்படும். பெயரை அழிக்கலாம், நெளிந்த குழாயை எப்படி அழிப்பது? படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஹெட்சின்ஸ் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அதிர்வைக் குறைத்ததோ இல்லையோ, அந்த வளைவு கையெழுத்தாக வேலை செய்தது. (டென்னி செய்த வேலைப்பாட்டின் தரம் தனி. அந்த ஃப்ரேம்களின் இணைப்புகளில் கோயில் சிற்பம் போல இலைகளும் கொடிகளும் செதுக்கியிருக்கும். சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குவது அதற்காகவும்தான்.)

அதிர்வு விஷயத்தில் இயந்திரவியல் சொல்வது எளிது. சைக்கிள் ஃப்ரேம் என்பது இரண்டு முக்கோணங்கள். முக்கோணத்தை மேலிருந்து அமுக்கினால் அது வளைந்து கொடுப்பதில்லை. பாலங்களில் முக்கோணம் இருப்பதற்கு இதுவே காரணம். பள்ளத்தில் சக்கரம் விழும்போது ஃப்ரேம் செங்குத்தாக ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே அதிகம். காற்றடித்த டயரோ பல மில்லிமீட்டர் அமுங்கும். சீட்டும், சீட்டைத் தாங்கும் பில்லரும் தம் பங்குக்கு அசைந்து கொடுக்கும். இவ்வளவு மெத்தைக்கு நடுவில் பின்குழாய் நெளிவின் உபயத்தை உடம்பு தனியாகப் பிரித்தறிவது கடினம்.

இருந்தும் வாக்குறுதி சாகவில்லை. 2000களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு, தன் 'ரூபே' சைக்கிளின் ஃபோர்க்கிலும் பின்குழாய்களிலும் ஓட்டை போட்டு ரப்பர் போன்ற அடைப்புகளை வைத்தது. 'ஜெர்ட்ஸ்' என்று பெயர். பல ஆண்டுகள் பெருமையாகப் பேசப்பட்ட அந்த அடைப்புகள் 2017 மாடலில் காணாமல் போயின. அவற்றின் இடத்துக்கு வந்தது ஹேண்டில்பாருக்குக் கீழே நிஜமான ஸ்பிரிங். அது அசைவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. 2012ல் டிரெக் கம்பெனி கொண்டுவந்த 'டொமனே' சைக்கிளும் நேர்மையான முயற்சி என்றே சொல்ல வேண்டும். சீட் குழாய் மேல் குழாயோடு இறுகப் பற்றவைக்கப்படாமல் ஒரு பேரிங்கில் ஆடும்படி இருந்தது. முக்கோணத்தின் பிடிவாதத்தையே அது தளர்த்தியது. ஃபேபியன் கான்சலாரா 2013ல் கற்கள் பாவிய பாதையில் நடக்கும் பாரி-ரூபே பந்தயத்தை வென்றது அதில்தான். எனவே விநோதம் எல்லாமே ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. எந்த இடம் அசைகிறது, எவ்வளவு அசைகிறது என்று கேட்டால் விற்பவர் விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

இதற்கிடையே பந்தயக்காரர்களின் சொகுசைக் கூட்டியது ரப்பர் டயர்தான். கல் போலக் காற்றடித்த 23 மி.மீ. டயரே வேகமானது என்று ஒரு தலைமுறை முழுவதும் நம்பியது. இன்று முன்னணி வீரர்கள் 28 மி.மீ. அல்லது அதைவிட அகலமான டயரில், குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். கரடுமுரடான சாலையில் துள்ளாத டயர் வேகத்தையும் இழப்பதில்லை என்பது தெரிந்துவிட்டது. செலவு சில ஆயிரம் ரூபாய்.

நொடியின் நூறில் ஒரு பங்குக்குப் போராடுபவர்கள் விஷயம் வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் அணி ஓட்டிய ஹோப்-லோட்டஸ் சைக்கிளில் பின்குழாய்கள் சக்கரத்தை ஒட்டி இல்லாமல் அகன்று, ஓட்டுபவரின் கால்களுக்குப் பின்னால் நின்றன. கால்கள் கலைத்துவிட்ட காற்றிலேயே குழாயும் போகட்டும் என்ற கணக்கு. அந்த சைக்கிளில் தங்கமும் கிடைத்தது. அதே சைக்கிளில், அணித் துரத்தல் பந்தயத்தில் மூன்று ஒலிம்பிக்குகள் தொடர்ந்து வென்றிருந்த ஆண்கள் அணி பதக்கமின்றித் திரும்பவும் செய்தது. 2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கிரென்சென் நகரில் இத்தாலியின் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டினார். அவரது பினரெல்லோ சைக்கிளின் ஃப்ரேம் உலோகத் தூளிலிருந்து முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்டது. சீட் குழாயில் கூனல் திமிங்கிலத்தின் துடுப்பைப் பார்த்துச் செய்த முண்டு முடிச்சுகள். போர்டுமனின் பழைய 56.375ஐ, சூப்பர்மேன் கிடையில்லாமல், 417 மீட்டர் தாண்டியாயிற்று. 26 ஆண்டுக்கால ஆராய்ச்சி, இரண்டு தலைமுறை உபகரணங்கள், கன்னாவின் அசாத்திய கால்கள் எல்லாம் சேர்ந்து ஈடுகட்டியது, தடை செய்யப்பட்ட ஒரு கிடையை!

பெங்களூரிலோ புனேயிலோ காலை ஆறு மணிக்கு சைக்கிளை எடுக்கும் மென்பொருள் நிபுணருக்கு இதில் என்ன கிடைக்கும்? காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40 கி.மீ. வேகத்தில் இருக்கும் தடையில் கால் பங்குதான் 20 கி.மீ. வேகத்தில். வேகத்தடைகளும் சிக்னல்களும் குறுக்கே வரும் மாடுகளும் நிறைந்த சாலையில் திமிங்கிலத் துடுப்புக்கு வேலை குறைவு. முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்தினால் காசில்லாமல் அதைவிட அதிகம் கிடைக்கும்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு ஒன்றும் உண்டு. உலகத்தின் மிகச் சிறந்த சைக்கிள்கள் இந்தியாவில் ரூ. 10 லட்சத்தைத் தாண்டுகின்றன. அவற்றில் பலவற்றின் சீட் பில்லர் உருண்டை அல்ல. அந்த மாடலுக்கென்றே வார்த்தது. பிரேக்கின் எண்ணெய்க் குழாய்கள் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, கழுத்துப் பேரிங்கின் ஊடே இறங்குகின்றன. பார்க்க அழகு. ஒரு மழைக்காலம் முடிந்து அந்தப் பேரிங் துருப்பிடித்தால், சில நூறு ரூபாய் சாமானை மாற்ற பிரேக்கையே பிரித்து எண்ணெய் நிரப்ப வேண்டிவரும். அந்த மாடலுக்குரிய பில்லர் விரிசல் விட்டால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மாடல் நின்றுபோயிருந்தால், தேடல்தான்.

இந்திய சைக்கிள்களிலும் ஒரு விநோத ஃப்ரேம் இருந்தது: மேல் பாருக்குக் கீழே இன்னொரு பார் வைத்த டபுள் பார் சைக்கிள். யாரும் அதற்குக் காப்புரிமைப் பெயர் சூட்டவில்லை. இருபுறமும் பால் கேன்கள் தொங்க, பின்னால் கேரியரில் ஒரு மூட்டையும் ஏற்றிக்கொண்டு போன பால்காரருக்கு அந்தப் பார் எதற்கு என்று தெரிந்திருந்தது. உடைந்தால் தெருமுனை வெல்டிங் கடையில் பற்றவைத்துக்கொண்டு போனார்.