சுவரை இடித்த இசைத்தட்டு

வெறும் இரைச்சல் என்று இகழ்வோர் சிலர். இளமையின் குரல் என்று புகழ்வோர் சிலர். ராப் ராக் இசையைப்பற்றி நம் மாணவரிடையே எழும் வாதம் இந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. இகழுமுன்னும் புகழுமுன்னும் பொருளை அறிந்துகொள்ளுதல் கற்போர் கடமையன்றோ? ஆகவே, அவ்விசைக்கு வழி திறந்த ஓர் இசைத்தட்டைப்பற்றி எழுத விழைகின்றேன். அதன் பெயர் 'ரெய்சிங் ஹெல்'. நியூயார்க் நகரத்து 'ரன் டி.எம்.சி.' குழுவினர் 1986 மே மாதத்தில் வெளியிட்டது.

ராப் என்பது யாது? அது பாடுவதன்று, தாளத்திற்கிசைய எதுகையும் இயைபும் தொடுத்து விரைந்து சொல்லுவது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞரிடையேயும் கரீபிய, லத்தீன் குடும்பத்து இளைஞரிடையேயும் அது பிறந்தது. இசைத்தட்டைச் சுழற்றும் கருவியே அங்கே வாத்தியமாயிற்று. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு கருவிகளில் வைத்து, முரசொலி மட்டும் வரும் சிறு பகுதியை மாறி மாறி ஓட்டுவர். சில நொடிகளே ஒலிக்கும் பகுதி பல நிமிடம் நீளும். அதன்மேல் சொல்மாரி பொழியும்.

ராக் இசையின் உயிர் மின்கிதார். அதன் வேரும் கறுப்பினத்தாரின் புளூஸ் இசையே. எனினும் 1980-களில் அமெரிக்க வானொலி, ராக் வெள்ளையருக்கு, ராப் கறுப்பருக்கு என்று பாத்தி கட்டி வைத்திருந்தது.

அந்த வரப்பை உடைத்தவர்கள் குவீன்ஸ் பகுதியின் ஹாலிஸைச் சேர்ந்த மூவர். ஜோசப் சிம்மன்ஸும் டேரில் மெக்டேனியல்ஸும் சொல்வோர். ஜேசன் மிசெல் தட்டுச் சுழற்றுவோர். 1984-இல் 'ராக் பாக்ஸ்' என்ற பாட்டிலேயே எடி மார்ட்டினஸின் கிதாரைத் தம் சொல்லோடு சேர்த்துவிட்டனர். 1985-இல் வந்த தட்டுக்கு 'கிங் ஆஃப் ராக்' என்றே பெயரிட்டனர்.

மூன்றாவது தட்டே 'ரெய்சிங் ஹெல்'. அதைத் தயாரித்தோர் ஜோசப்பின் தமையன் ரசல் சிம்மன்ஸும், பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்தே இசைத்தட்டு நிறுவனம் தொடங்கிய ரிக் ரூபினும் ஆவர். ஏரோஸ்மித் குழுவின் 1975-ஆம் ஆண்டுப் பாட்டு 'வாக் திஸ் வே'. அதன் தொடக்க முரசொலியை மட்டுமே ராப் இளைஞர் பயன்படுத்தி வந்தனர். முழுப் பாட்டையும் பாடுங்கள் என்றார் ரூபின். சொல்வோர் இருவரும் முதலில் இசையவில்லை. இறுதியில் ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலரும் ஜோ பெர்ரியும் வந்து உடன் இசைத்தனர். பழைய பாட்டு பில்போர்டு பட்டியலில் 10-ஆம் இடத்தைத் தொட்டது; புதியது 4-ஆம் இடத்தைப் பிடித்தது. அதன் படத்தில் இரு குழுவினரும் அடுத்தடுத்த அறைகளில் இருப்பர். நடுச்சுவரை டைலர் ஒலிவாங்கித் தண்டால் இடித்துத் திறப்பார். நலிந்திருந்த ஏரோஸ்மித்துக்கும் அதனால் மறுவாழ்வு கிடைத்தது.

ஒரு பாட்டால் மட்டும் இத்தட்டு நிற்கவில்லை. 'இட்ஸ் டிரிக்கி'யில் 'மை ஷரோனா' என்னும் ராக் பாட்டின் கிதார் ஒலிக்கிறது. 'பீட்டர் பைப்பர்' பாப் ஜேம்ஸின் மணியோசையைத் தட்டிலிருந்து வெட்டியெடுத்துக் கட்டியது. நான் மிக விரும்புவது இதையே. வாத்தியக்காரர் ஒருவரும் இல்லாமல், இரு கைகள் எத்தனை நுட்பம் காட்ட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, வெளியிட்டோரைக் காண்போம். பெருநிறுவனங்கள் ராப் இசையை நாலு நாள் மோகம் என்று ஒதுக்கிய காலம் அது. 'புரொஃபைல்' என்ற சுயேச்சை நிறுவனத்தை 1981-இல் கோரி ராபின்ஸ், ஸ்டீவ் பிளாட்னிக்கி என்னும் இரு இளைஞர் பெற்றோரிடம் கடன் வாங்கித் தொடங்கினர். சிறு நிறுவனத்தின் இடர் என்ன? தட்டு அச்சிடும் செலவு முன்னே வரும். விற்ற பணம் ஊரூராக உள்ள விநியோகஸ்தரிடமிருந்து பின்னே வரும். வெற்றியே சிலரை வீழ்த்திவிடுவதுண்டு. இவர்களோ தாக்குப்பிடித்தனர். அமெரிக்காவில் 30 லட்சம் தட்டுகள் விற்றமைக்கு 1987-இல் சான்று கிடைத்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. குழுவுக்கும் நிறுவனத்துக்கும் வழக்கு மூண்டது. அடுத்த தட்டு 1988 வரை தாமதமாயிற்று. சுயேச்சை என்பது நிறுவனத்தின் அடைமொழி. அதிலுள்ள கலைஞனுக்கும் அது உண்டா என்பதை ஒப்பந்தத்தின் வரிகளே முடிவு செய்கின்றன. பாட்டுக் குழு அமைக்க எண்ணும் நண்பர்கள், கிதாரைத் தொடுமுன் இதைக் கருத வேண்டுகிறேன்.

ஜேசன் மிசெல் 2002 அக்டோபர் 30-இல் தம் ஒலிப்பதிவுக் கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். குழு கலைந்தது. தட்டோ வாழ்கிறது. காத்தற்குரிய ஒலிப்பதிவுகளின் 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதனைச் சேர்த்துக்கொண்டது. இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட குரல் ஒரு நாட்டின் கருவூலத்தில் இடம்பெற முப்பது ஆண்டுகள் ஆயின.