படவரைஞர் தொழில்: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி

இடம்பெயரும் குடும்பம் வயலையோ கிணற்றையோ தூக்கிச் செல்ல முடியாது. கற்ற தொழில் மட்டுமே எங்கு சென்றாலும் கூடவே வரும். அத்தகைய தொழில்களுள் ஒன்றான கட்டடப் படவரைதலைப் பற்றி இங்கு நோக்குவோம்.

ஒரு வீட்டைக் கட்டுமுன் அதைத் தாளில் கட்டிப் பார்க்க வேண்டும். நிலத்தளப் படம், முகப்புத் தோற்றம், வெட்டுமுகம், காணியில் வீடு அமையும் இடம் ஆகியவற்றை அளவுப்படி வரைந்து கொடுப்பவரே படவரைஞர். பிரதேச சபையின் கட்டட அனுமதிக்கும், மேசனின் வேலைக்கும், செலவு மதிப்பீட்டுக்கும் இப்படங்களே ஆதாரம். படவரைஞர் வேறு, கட்டடக் கலைஞர் வேறு. பின்னையவர் பல்லாண்டு கற்றுப் பதிவுபெற்றவர். 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அத்தொழிலை ஒழுங்குபடுத்துகின்றது.

இத்தொழிலுக்கு அழகாகச் சித்திரம் கீறும் திறமையை விடக் கணக்கும் கவனமுமே முக்கியம். 1:100 என்ற அளவுத்திட்டத்தில் தாளிலுள்ள 1 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 மீற்றர் ஆகும். தாளில் 2 மில்லிமீற்றர் பிழைத்தால் நிலத்தில் 20 சென்ரிமீற்றர் பிழைக்கும். கதவு நிலை பொருந்தாது. முன்னர் ரீ-மட்டமும் மூலைமட்டமும் கொண்டு வரைந்தார்கள். 1982இல் ஓட்டோகாட் என்ற கணினி மென்பொருள் வந்தபின் வேலை படிப்படியாகக் கணினிக்கு மாறியது. ஆனாலும் அளவை விளங்காதவருக்குக் கணினி உதவாது.

விவசாயியின் பிள்ளைக்கு இதில் ஒரு முதல் ஏற்கனவே உண்டு. மழைவெள்ளம் எப்பக்கம் ஓடும், எத்திசைக் காற்று எப்பருவத்தில் வீசும், கிணற்றுக்கு எட்ட மலசலகூடம் எங்கே அமைய வேண்டும் என்பதை அப்பிள்ளை கண்டு வளர்ந்திருக்கிறது. நல்ல வீட்டுப் படத்துக்கு இந்த அறிவு அவசியம்.

பெற்றோரின் தயக்கத்தையும் நாம் அறிவோம். பிள்ளையைக் கூலிக்கு அனுப்பினால் இன்றே காசு வரும். பயிற்சிக்கு அனுப்பினால் பல மாதங்கள் வருமானம் இல்லை. பஸ் செலவும் உண்டு. தகைமை பெற்ற உடனேயே வேலை நிச்சயம் என்றும் நாம் சொல்ல மாட்டோம். எனினும் அரச திணைக்களங்களிலும், ஒப்பந்தகாரரிடமும், வரைபட நிலையங்களிலும் படவரைஞருக்கு இடமுண்டு. மேசையில் செய்யும் வேலையாதலால் பெண்பிள்ளைகளுக்கும், உடல் ஊனமுற்றோர் பலருக்கும் இது ஏற்றது.

எங்கே கற்கலாம்? அரச தொழில்நுட்பக் கல்லூரிகளிலும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் விசாரியுங்கள். அடிப்படைத் தகைமை, காலம், கட்டணம் ஆகியவற்றை நேரிலேயே கேட்டறியுங்கள். தனியார் நிலையமாயின், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுண்டா, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்ற இரண்டையும் கேளாமல் காசு கட்டாதீர்கள். அலங்காரச் சான்றிதழைக் கொடுத்துப் பணம் பறிப்போரும் உளர்.

பிள்ளைக்கு இதில் நாட்டம் உண்டா என்பதை அறியச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. ஓர் அளவுநாடாவும் கட்டக் கொப்பியும் கொடுத்து, நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டையோ கொட்டிலையோ அளந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு அடி என்று வரையச் சொல்லுங்கள். சுவர்கள் தாளில் சரியாக வந்து மூடினால், அடுத்த கிழமையே பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.