கிரியாட்டினின் ஏறினால் சர்க்கரை மட்டும்தான் காரணமா?

ஐம்பது வயதைத் தாண்டியவருக்குக் கிரியாட்டினின் ஏறினால், சர்க்கரை நோய் மீதோ ரத்த அழுத்தத்தின் மீதோ பழியைப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் கூடவே காரணம் புரியாத ரத்தசோகையும் விடாத முதுகுவலியும் இருந்தால், 'மல்டிபிள் மைலோமா' என்ற ரத்தப் புற்றுநோயையும் சந்தேகித்தே ஆக வேண்டும். இந்நோய் கண்டறியப்படும்போதே ஐந்தில் ஒருவருக்காவது சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது.

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உருவாக்குகின்றன. மைலோமாவில் அவற்றில் ஒரு வகை மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகி, ஒரே புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அப்புரதத்தின் பகுதியான 'லைட் செயின்' சிறுநீரக வடிகட்டியைக் கடந்து நுண்குழாய்களுக்குள் போய், அங்கே இயல்பாகச் சுரக்கும் இன்னொரு புரதத்தோடு இறுகி அடைத்துக்கொள்கிறது. எலும்பு அரிக்கப்படுவதால் ரத்தத்தில் ஏறும் கால்சியமும், உடலில் நீர் வற்றுவதும், முதுகுவலிக்காக விழுங்கும் வலி மாத்திரைகளும் சேதத்தை இன்னும் வேகப்படுத்துகின்றன.

லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840களிலேயே இப்புரதத்தைச் சிறுநீரில் கண்டு விவரித்தார். இருந்தும் இன்றுவரை அது கண்ணில் படாமல் நழுவுகிறது. வழக்கமாகச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை, ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் முக்கியமாகக் காட்டும். லைட் செயினைக் காட்டாது. சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ், ஃப்ரீ லைட் செயின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளே அதைப் பிடிக்கும்.

அப்படியானால் சிறுநீரக நோயாளிகள் எல்லோருக்கும் இந்தச் செலவா என்று கேட்கலாம். தேவையில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ கிரியாட்டினின் விறுவிறுவென ஏறியவர்கள், சிறுநீரகப் பாதிப்பின் அளவுக்குப் பொருந்தாத ரத்தசோகை உள்ளவர்கள், கால்சியம் கூடியவர்கள் ஆகியோருக்குச் செய்தால் போதும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் கால்சியம் பொதுவாகக் குறையும் என்பதால், அது கூடுவதே ஓர் எச்சரிக்கை. சிறுநீரகம் கெட்ட பிறகு புற்றுநோய் மருந்தைத் தாங்குமா என்பது அடுத்த தயக்கம். போர்டெசோமிப் போன்ற மருந்துகளைச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் கொடுக்க முடிகிறது. லைட் செயின் அளவு விரைவாகக் குறைந்தால் பலருக்குச் சிறுநீரகம் தேறுகிறது. சிலர் டயாலிசிஸிலிருந்தே விடுபடுகிறார்கள். தாமதித்தால் தழும்பு நிலைத்துவிடும்.

எனவே முதுகுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கி நாட்களைக் கடத்தாதீர்கள். இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால், "மைலோமாவுக்கான பரிசோதனை தேவையா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.